சாவி வாங்கும் முன் அரை மணி நேரம்: வெளிநாட்டில் வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு

ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் விமான நிலையத்துக்கு அருகே, வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தில், தூறலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காரின் பின்சக்கரத்தைக் கைபேசி விளக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரத்தின் வெள்ளி விளிம்பில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சிராய்ப்பு. காரைக் காட்ட வந்த இளைஞரின் தாளில் அது இல்லை. கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார், தாளில் இருந்த கார்ப் படத்தின் பின்சக்கரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார், பக்கத்தில் கையெழுத்திட்டார். ஒரு நிமிட வேலை.

அந்த ஒரு நிமிடத்தை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டில் நான் செலவழிக்கவில்லை. இரவு விமானத்தில் இறங்கிய களைப்பு, பின்னால் வரிசை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன். ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து, பின்பம்பரில் கீறல் என்று சொல்லி என் கிரெடிட் கார்டிலிருந்து பணம் எடுத்துவிட்டார்கள். அந்தக் கீறல் முன்பே இருந்ததா, என்னால் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு படம்கூட இல்லை. முப்பத்தோரு ஆண்டு வங்கியில் வேலை பார்த்தவள், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் தினமும் சொன்னவள், நானே படிக்காமல் போட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

நான் மும்பையில் செம்பூர்வாசி. சேடா நகர் முருகன் கோயிலில் பார்ப்பவர்களும், மாட்டுங்கா கடைத்தெருவில் எதிர்ப்படுபவர்களும் இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "வெளிநாட்டில் நாமே கார் ஓட்டிக்கொண்டு போக முடியுமா?" என்பது. முடியும். மும்பைச் சாலைகளில் பழகிய கைக்கு ஓட்டுவது பெரிய சிரமமே இல்லை. சிரமம் எல்லாம் காகிதத்திலும் அட்டையிலும் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நாங்கள் நான்கு பேர், என் கணவர், நாத்தனார், அவர் கணவர், நான், செப்டம்பர் மாதத்தில் ஒன்பது நாள் ஐஸ்லாந்தைச் சுற்றி வந்ததை வைத்துச் சொல்கிறேன். வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

புறப்படுவதற்கு முன்

முதலில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி. அரசின் பரிவாகன் இணையதளத்தில் 'சாரதி' பகுதிக்குள் போய் விண்ணப்பிக்கலாம். படிவம் 4ஏ. கட்டணம் 1,000 ரூபாய். செம்பூரில் இருக்கும் எங்களுக்கு வடாலா வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட் இவற்றின் நகல்களும் மருத்துவச் சான்றும் கொடுத்தேன். விசா கைக்கு வந்த பிறகு இதற்குப் போவது நல்லது. ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். அதற்குள் உங்கள் உரிமம் காலாவதியானால் இதுவும் அன்றோடு முடிந்தது. ஆகவே உரிமத்தின் தேதியை முதலில் பாருங்கள். என் கணவரின் உரிமம் காலாவதியாகி ஏழு மாதம் ஆகியிருந்ததை இதற்காக அலமாரியைத் திறந்தபோதுதான் கவனித்தோம். அந்தப் பயணத்தில் நான் ஒருத்தியே ஓட்ட வேண்டியதாயிற்று.

நம் உரிமம் ஆங்கில எழுத்தில் இருப்பதால் சில நாடுகளில் அதுவே போதும். ஐஸ்லாந்தும் அப்படித்தான். ஆனாலும் கவுன்டரில் இருப்பவர் கேட்டால் காட்ட இரண்டும் கையில் இருக்கட்டும். அனுமதிப் புத்தகம் தனியாகச் செல்லாது, அசல் உரிமத்தோடு சேர்த்துத்தான் செல்லும். ஜப்பான் போன்ற நாட்டில் இந்தப் புத்தகம் இல்லாமல் காரைத் தொடவே முடியாது. சீனா இதை ஏற்பதே இல்லை. இணையத்தில் 'உலகெங்கும் செல்லும் உரிமம், ஒரே நாளில்' என்று விற்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். அவர்கள் அனுப்பும் அட்டைக்குச் சட்ட மதிப்பு கிடையாது.

அடுத்தது கிரெடிட் கார்டு. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணம் கவுன்டரிலேயே நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். கார் எடுக்கும்போது உங்கள் அட்டையில் ஒரு பெரிய தொகையை நிறுவனம் முடக்கி வைக்கும். செலவாகாது, ஆனால் அந்த அளவு வரம்பு உங்களுக்குப் பயன்படாது. கார் சேதமில்லாமல் திரும்பினால் சில நாளில் விடுவிப்பார்கள். இதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் கிரெடிட் கார்டு மட்டுமே ஏற்கும். நாம் ஆசையாகப் பணம் ஏற்றிக்கொண்டு போகும் அந்நியச் செலாவணி அட்டையும் டெபிட் கார்டும் பல இடங்களில் உதவாது. அதைவிட முக்கியம், அட்டையில் இருக்கும் பெயரும் முதன்மை ஓட்டுநரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓட்டுவது மனைவி, அட்டை கணவர் பெயரில் என்றால் பல கவுன்டர்களில் சாவி கிடைக்காது. கூட நிற்கிறார், கணவர்தான் என்று சொன்னாலும் கிடைக்காது.

2020 மார்ச் 16-க்குப் பிறகு வழங்கப்பட்ட அல்லது புதுப்பிக்கப்பட்ட அட்டைகள், ரிசர்வ் வங்கியின் விதிப்படி உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே வங்கிச் செயலியில் திறந்துகொள்ள வேண்டும். அதிலேயே வெளிநாட்டுக்கான உச்சவரம்பு என்று தனியாக ஒன்று இருக்கும். அதையும் உயர்த்துங்கள். கிளையில் இருந்தபோது வெளிநாட்டிலிருந்து பதறிக்கொண்டு எனக்கு அழைத்தவர்களில் பலருக்கு இந்த ஒரு பொத்தான்தான் பிரச்சினை. நான்கு இலக்க ரகசிய எண் நினைவில் இருக்கட்டும், ஆளில்லாத பெட்ரோல் பங்கில் அது இல்லாமல் எண்ணெய் வராது. எந்த இயந்திரமாவது 'ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர் நாணயத்தில் கட்டுகிறீர்களா' என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை அவர்கள் விருப்பத்துக்கு வைப்பார்கள்.

எந்தக் கார்

ஐரோப்பாவில் எதுவும் குறிப்பிடாமல் பதிவு செய்தால் பெரும்பாலும் கியர் மாற்றும் கார்தான் வரும். அங்கே பெரும்பாலும் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதால் கியர்த்தண்டு வலது கையில். புதிய பக்கத்தில் ஓட்டிக்கொண்டு, பழகாத கையால் கியரும் மாற்றுவது வேண்டாத சுமை. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் ஆட்டோமேட்டிக் எடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அளவைப் பெட்டியை வைத்து முடிவு செய்யுங்கள், தலையை எண்ணி அல்ல. ஐந்து பேர் உட்காரலாம் என்று போட்டிருக்கும் சின்னக் காரின் பின்னால் ஒரு பெரிய பெட்டி வைத்தாலே கதவு மூடாது. நாங்கள் நான்கு பேருக்கு நான்கு நடுத்தரப் பெட்டிகள், ஒரு சாப்பாட்டுப் பை. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, மிளகாய்ப் பொடி, ஒரு சிறிய மின்சார அரிசிக் குக்கர் எல்லாம் அந்தப் பையில். (அங்கே 'ஸ்கிர்' என்று கெட்டியான தயிர் மாதிரி ஒன்று எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. பாலும் உப்பும் கலந்து தளர்த்தினால் தயிர்சாதத்துக்கு ஈடு கொடுக்கும். நாத்தனார் ஒன்பது நாளும் அதில்தான் உயிர் வாழ்ந்தார்.)

நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டி வேண்டுமா என்பது போகும் சாலையைப் பொறுத்தது. ஐஸ்லாந்தைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் சாலை ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர். 1974-இல் தெற்கே ஸ்கெய்தாரா ஆற்றின் மேல் பாலம் கட்டி முடித்த பிறகே அது முழு வட்டமானது. கோடைக்காலத்தில் அதற்குச் சாதாரணக் கார் போதும். சாலை எண்ணுக்கு முன்னால் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அது நாட்டின் உட்பகுதி மலைப்பாதை. நான்கு சக்கர விசை இல்லாத வண்டியை அங்கே கொண்டுபோகக் கூடாது. ஆற்றுக்குள் இறங்கிக் கடக்க வேண்டிய இடங்களும் உண்டு. அப்படி இறங்கி எஞ்சினில் தண்ணீர் புகுந்தால் பொதுவாக எந்தக் காப்பீடும் கைகொடுக்காது.

காப்பீட்டுத் தாளை எப்படிப் படிப்பது

வாடகையோடு சேர்ந்தே ஓர் அடிப்படைக் காப்பீடு வரும். தாளில் சி.டி.டபிள்யூ. என்று இருக்கும். பலர் இதைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அதன் பொருள், சேதம் ஏற்பட்டால் ஒரு குறிப்பிட்ட தொகை வரை நீங்கள் கட்ட வேண்டும், அதற்கு மேல் போனதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதே. அந்த நம் பங்குத் தொகை லட்சங்களில்கூட இருக்கலாம். தாளில் முதலில் தேட வேண்டிய எண் அதுதான். அட்டையில் முடக்கும் தொகையும் பெரும்பாலும் அதையொட்டியே இருக்கும். கூடுதல் கட்டணம் கட்டினால் நம் பங்கு குறையும், சில திட்டங்களில் பூஜ்யமாகும்.

பதிவு செய்யும் இடைத்தரகுத் தளங்களும் மலிவாக 'முழுக் காப்பீடு' விற்கின்றன. அதை வாங்குவதில் தவறில்லை, ஆனால் அது செயல்படும் விதம் வேறு. கவுன்டரில் அதைக் காட்ட முடியாது. வழக்கம்போலப் பெரிய தொகையை முடக்குவார்கள், சேதமென்றால் முதலில் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் பிறகு ரசீதுகளை அனுப்பித் தரகரிடமிருந்து திரும்பப் பெற வேண்டும். நிறுவனத்திடமே வாங்குவது விலை கூட, ஆனால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். நான் நிறுவனத்திடமே வாங்கினேன். ஐஸ்லாந்து போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்காக நாம் எடுக்கும் 30,000 யூரோ பயணக் காப்பீடு மருத்துவச் செலவுக்கானது. அதைக் காருக்கும் சேர்த்து என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

அதன் பிறகு விலக்குகளைப் படியுங்கள். பொதுவாகக் காரின் அடிப்பாகம், டயர், முன்கண்ணாடி, சாவி தொலைதல், தவறான எரிபொருள் இவை தனி. ஐஸ்லாந்தில் இன்னும் இரண்டு. சரளைக்கல் தெறித்து வரும் சேதத்துக்குத் தனிக் காப்பீடு, காற்றில் பறக்கும் மணலுக்கும் எரிமலைச் சாம்பலுக்கும் தனிக் காப்பீடு. மணல் கார் வண்ணத்தையே உரித்துவிடும் என்றால் நம்பக் கடினமாக இருக்கும். தெற்குக் கரையில் விக் ஊரைத் தாண்டிப் போகும்போது இருபுறமும் கருமணல் வெளி கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது. காற்று எழுந்தால் அது என்ன செய்யும் என்று அங்கே போய் நின்றால் புரியும். இரண்டையும் நாங்கள் எடுத்தோம்.

எடுத்தும் பயனில்லாத ஒன்று இருக்கிறது. காற்றில் கதவு பிய்வது. கதவைத் திறந்ததும் காற்று அதைப் பின்னால் மடக்கி, கீல் வளைந்து, முன்பக்கத் தகடும் நசுங்கிவிடும். அங்கே அடிக்கடி நடக்கும் சேதம் இது, பெரும்பாலான காப்பீடுகளில் இதற்கு இடமில்லை. எங்கள் வண்டியின் கதவிலேயே எச்சரிக்கை ஒட்டியிருந்தார்கள். ஆகவே நிறுத்தும்போதே காரின் மூக்கைக் காற்றை எதிர்த்து நிறுத்துங்கள். திறக்கும்போது ஒரு கை கைப்பிடியில், மறு கை கதவின் விளிம்பில். ஸ்கோகாஃபோஸ் அருவியின் நிறுத்துமிடத்தில் என் கணவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே ஒற்றைக் கையால் திறந்தார். கதவோடு அவரும் பாதி வெளியே போனார். நல்லவேளை, விடவில்லை. தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. அதன் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் 'இரண்டு கை' என்று சொல்லாமல் யாரும் கதவைத் தொட்டதில்லை.

அந்த அரை மணி நேரம்

கவுன்டரில் வரிசை நீளமாக இருந்தாலும் அவசரப்படாதீர்கள். ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களை விரல் வைத்துப் பாருங்கள். நம் பங்குத் தொகை, கிலோமீட்டர் வரம்பு உண்டா இல்லையா, எரிபொருள் எப்படித் திருப்ப வேண்டும், ஓட்டப்போகும் எல்லோர் பெயரும் இருக்கிறதா. பெயர் இல்லாதவர் ஐந்து நிமிடம் ஓட்டி ஏதாவது நேர்ந்தாலும் காப்பீடு போய்விடும். நீங்கள் ஊரிலிருந்தே பணம் கட்டிய ஒன்றை மறுபடி விற்கப் பார்ப்பதும் உண்டு. பதிவுத் தாளை அச்சிட்டே எடுத்துச் செல்லுங்கள்.

பிறகு கார். பட்டப்பகலில் நின்றாலும் கைபேசி விளக்கைப் போட்டு, முன்பக்க எண் தகட்டில் தொடங்கி ஒரு முழுச் சுற்று வீடியோ எடுங்கள். ஆரம்பத்திலேயே வண்டி எண்ணும், டேஷ்போர்டில் கிலோமீட்டரும் எரிபொருள் முள்ளும் பதிவாகட்டும். நான்கு சக்கர விளிம்புகள், பம்பர்களின் கீழ் ஓரம், கண்ணாடிகளின் வெளிப்புறம், கூரை, முன்கண்ணாடியில் கடுகளவு வெடிப்பு, இருக்கைத் துணி. மழையில் நனைந்த காரில் கீறல் தெரியாது. துணியால் துடைத்துப் பாருங்கள், அல்லது கூரைக்கு அடியில் நகர்த்தித் தரச் சொல்லுங்கள். கண்டதையெல்லாம் அவர்கள் தாளில் எழுத வையுங்கள். வாயால் 'அதெல்லாம் பரவாயில்லை, சின்னதுதான்' என்று சொன்னால் சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டுங்கள். உதிரிச் சக்கரம் இருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள். பல புதிய கார்களில் அதற்குப் பதிலாக பஞ்சரை ஒட்டும் திரவப் புட்டிதான் இருக்கிறது.

இன்னும் நகராமல், உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் இண்டிகேட்டர் வலது கையில், வைப்பர் இடது கையில். அங்கே மாறி இருக்கும். முதல் நாள் முழுக்க, திரும்பும் இடமெல்லாம் என் காரின் வைப்பர் காய்ந்த கண்ணாடியைத் தேய்த்தது. கைபேசியைக் காரோடு இணைத்து, வழிகாட்டி வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்வதும் இப்போதே.

மும்பையிலிருந்து ஐரோப்பா வழியாகப் போய்ச் சேரும்போது ஒரு முழு நாள் தூக்கம் போயிருக்கும். இறங்கியதும் நேராக நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம். முதல் இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டு, மறுநாள் காலை காரை எடுங்கள்.

வலப்பக்கச் சாலை

நேர்ச்சாலையில் வலப்பக்கம் போவது பத்து நிமிடத்தில் பழகிவிடும். தவறு நேர்வது காலியான சாலையில், காலையில் நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வரும் அந்த முதல் திருப்பத்தில். எதிரே வண்டி இல்லாததால் கை தானாக இடப்பக்கம் போகும். எனக்கு உதவிய ஒரே வழி இது. எந்த நாடானாலும் ஓட்டுநரின் உடல் சாலையின் நடுக்கோட்டை ஒட்டியே இருக்கும், பக்கத்தில் இருப்பவர்தான் ஓரத்தை ஒட்டி இருப்பார். ஒவ்வொரு திருப்பத்திலும் 'நடுக்கோடு என் தோள் பக்கம்' என்று வாய்விட்டுச் சொன்னேன். அடுத்த இருக்கையில் இருப்பவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். என் கணவர் ஒவ்வொரு சந்திப்பிலும் 'வலது' என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ரவுண்டானாவுக்கு ஒரு கணக்கு. நம் ஊரில் சுற்றுவது கோயிலில் பிரகாரம் வலம் வருவது போல. அங்கே அதற்கு நேர் எதிர்த்திசை. ஐஸ்லாந்தில் இன்னொன்றும் உண்டு. இரண்டு தடங்கள் உள்ள ரவுண்டானாவில் உள்தடத்தில் வரும் வண்டிக்கே வெளியேற முன்னுரிமை. வெளித்தடத்தில் இருப்பவர் வழிவிட வேண்டும். தெரியாமல் போனால் பக்கவாட்டில் இடி வாங்க வேண்டியதுதான்.

வேக வரம்பு ஊருக்குள் பொதுவாக 50, சரளைச் சாலையில் 80, தார்ச்சாலையில் 90. பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். பின்னால் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். மூன்று பலகைகளை மனதில் வையுங்கள். 'ஐன்பிரைத் புரூ' என்றால் ஒற்றைத் தடப் பாலம். வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்து, முதலில் நெருங்கியவரைப் போகவிட வேண்டும். 'பிளிண்ட்ஹைத்' என்றால் மேடு, அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. 'மால்பிக் எந்தார்' என்றால் தார் முடிந்து சரளை தொடங்குகிறது. அந்த எல்லையில் வேகமாக இறங்கினால் கார் சறுக்கும்.

கோடையில் ஆடுகள் அவிழ்த்துவிடப்பட்டிருக்கும். தாய் ஒரு பக்கம், குட்டி எதிர்ப்பக்கம் நின்றால் குட்டி நிச்சயமாகத் தாயிடம் ஓடும், உங்கள் காருக்குக் குறுக்கே. இரண்டையும் பார்த்த உடனே பிரேக்கில் கால் வையுங்கள்.

படம் எடுக்கச் சாலையில் நிற்காதீர்கள். ஓரத்தில் ஒதுங்க இடமே இருக்காது. ஒதுங்குமிடம் வரும்வரை பொறுங்கள். சாலையை விட்டு மண்ணிலோ பாசியிலோ காரை இறக்குவது அங்கே குற்றம், அபராதம் கடுமை. அந்தப் பாசியில் விழும் டயர்த்தடம் ஆறப் பல்லாண்டு ஆகும். அபராதம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாத காரியம் அது.

நாளும் தூரமும்

தலைநகர் ரெய்க்ஜவிக்கிலிருந்து விக் 187 கிலோமீட்டர். வரைபடம் இரண்டரை மணி நேரம் என்று காட்டும். நாங்கள் காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் இரண்டு பெரிய அருவிகள், சாப்பாடு, தூறல், பெயர் தெரியாத ஒரு மலை முன்னால் இருபது நிமிடம். ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

ஒவ்வொரு காலையும் இரண்டு தளங்களைப் பாருங்கள், வானிலைத் துறையுடையதும் சாலைத் துறையுடையதும். வெப்பநிலையைவிடக் காற்றைக் கவனியுங்கள். அங்கே காற்றை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். 15 மீட்டர் என்றால் மணிக்கு 54 கிலோமீட்டர், ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்க வேண்டிவரும். 20-ஐ நெருங்கினால் நான் ஓட்ட மாட்டேன். ஒருநாள் யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரியிலிருந்து கிளம்பாமல் பக்கத்து விடுதியிலேயே தங்கிவிட்டோம். அடுத்த ஊரில் முன்பணம் கட்டிய அறை வீணானது. அதற்காக நான் வருந்தவில்லை. அவசரத்துக்கு எண் 112.

பெட்ரோல் பாதியாகும்போதே நிரப்புங்கள், கிழக்குப் பக்கம் பங்குகள் தொலைவில் இருக்கின்றன. செம்பூரில் கண்ணாடியை இறக்கித் தொகையைச் சொன்னால் போதும். அங்கே நாமே இறங்கிக் குழாயைப் பிடிக்க வேண்டும். 'பென்சின்' என்றால் பெட்ரோல், 'தீசல்' என்றால் டீசல். எரிபொருள் மூடியின் உட்புறம் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டுக் கை வையுங்கள். எவ்வளவுக்கு என்று இயந்திரம் முதலிலேயே கேட்டு அந்தத் தொகையை முடக்கும், போட்டது போக மீதி பிறகு விடுபடும். ஒரே நேரத்தில் இரண்டு செய்தி வந்தால் பதற வேண்டாம்.

வடக்கே அகுரேரி ஊருக்கு அருகே ஒரு சுரங்கச் சாலைக்குக் கட்டணம் உண்டு. சாவடி கிடையாது, கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும், நாம் இணையத்தில் கட்ட வேண்டும். திங்வெட்லிர் தேசியப் பூங்கா போன்ற இடங்களில் கார் நிறுத்தக் கட்டணமும் இப்படித்தான். மறந்தால் சீட்டு வாடகை நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் தங்கள் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் அட்டையில் எடுப்பார்கள். அன்றன்று இரவு அறைக்குப் போனதும் கட்டிவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் நாள்

சேற்றோடு கொடுக்காதீர்கள். பல பெட்ரோல் பங்குகளில் நீர்க்குழாயும் நீண்ட தூரிகையும் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். கழுவிய காரில்தான் புதுக் கீறல் இல்லை என்று உங்களால் காட்ட முடியும். விமான நிலையத்துக்கு மிக அருகில் உள்ள பங்கில் முழுதாக நிரப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலை விமானம் என்றால் ஆளிருக்க மாட்டார்கள், சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். எங்களுக்கும் அப்படித்தான். காலை நான்கு மணி, குளிர், நாத்தனார் பெட்டிகளோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டார். நான் முதல்நாள் எடுத்த வீடியோவின் அதே வரிசையில், முன்தகட்டில் தொடங்கி மறுபடி ஒரு சுற்று எடுத்தேன். பின்சக்கரத்தின் அந்தப் பருப்பளவுச் சிராய்ப்பையும் கிட்டத்தில் எடுத்தேன். கிலோமீட்டர், எரிபொருள் முள், நின்ற இடத்தின் எண், கடைசியாகச் சாவி பெட்டிக்குள் விழும் காட்சி. என் கணவர் கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர, ஒன்றும் சொல்லவில்லை.

அதிலிருந்து பதினோராம் நாள், முடக்கிய தொகை விடுபட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அதோடு விடாமல் அடுத்த மூன்று மாத அட்டைக் கணக்கையும் வரிவரியாகப் பாருங்கள், அபராதச் சீட்டுகள் தாமதமாகத்தான் வரும். சம்பந்தமில்லாத தொகை எடுத்திருந்தால் முதலில் நிறுவனத்துக்குப் படங்களோடு மின்னஞ்சல், பதில் வராவிட்டால் உங்கள் வங்கியில் எழுத்து மூலம் மறுப்பு. வங்கி கேட்கும் முதல் காகிதம் அந்தப் பெருக்கல் குறி போட்ட தாள்தான். இரண்டு வீடியோவையும் கைபேசியில் மட்டும் விட்டுவைக்காமல் மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.